விரட்டிய நேரம்: ஒரு புள்ளிமானின் நிகழ்வு ஆய்வு

கால்நடை மருத்துவப் படிப்பின் கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. அதில் சில வாரங்களை நீலகிரியில் ஒரு மான் வளாகத்தில் கழித்தேன். ஊட்டி அளவு உயரம், 2,000 மீட்டருக்கு மேல். சுற்றிலும் கற்பூர மரமும் சீகையும், உள்ளே கிக்யூ புல் மேடு. ஊர்க்காரர்கள் அதை மான் பண்ணை என்றுதான் சொல்வார்கள். பண்ணை என்றால் விற்கவும் அறுக்கவும் வளர்ப்பது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் புள்ளிமானையும் கடமானையும் அப்படி வளர்க்க முடியாது. இது வேலி போட்டு வைத்துப் பராமரிக்கிற இடம், அவ்வளவுதான். ஆனால் உண்மையான மான் பண்ணைகளிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். அதற்குள் ஒரு பெண்மான் செத்துவிட்டது. அந்த மானைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விலங்கு

பெண் புள்ளிமான், சுமார் 3 வயது, கண் மதிப்பில் 45 கிலோ. வளாகத்திலேயே பிறந்தது. இடது பின்னங்காலில் குளம்புக்குச் சற்று மேலே நைலான் கயிறு சுற்றி இறுகியிருந்தது. தீவனக் கட்டோடு வந்த கயிறு அது. யாரோ அவிழ்த்துக் கீழே போட்டதில் வளையமாகக் கிடந்திருக்கிறது, கால் மாட்டிக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோதே நொண்டி ஐந்து நாள் ஆகியிருந்தது. கயிற்றுக்குக் கீழே கால் வீங்கி, தோல் பிளந்து, காற்று நம் பக்கம் அடித்தால் நாற்றம் தெரிந்தது. மற்றபடி தீனி எடுத்தது, அசைபோட்டது, கூட்டத்தோடுதான் நின்றது.

கயிற்றை வெட்டியாக வேண்டும். இதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. மயக்க ஊசித் துப்பாக்கி அந்த வாரம் வளாகத்தில் இல்லை, கீழே வேறொரு வேலைக்குப் போயிருந்தது. வரச் சில நாள் ஆகும். காத்திருந்தால் குளம்பே போய்விடும் என்று பயந்தோம். சரி, வலை கட்டி மூலைக்கு ஓட்டிப் பிடித்துவிடலாம், குளிர்காலம்தானே, மான் சூடாகாது என்று முடிவானது. அந்தக் கடைசி வாக்கியத்தை நானும் நம்பினேன்.

பிடித்த காலை

ஜனவரி. விடியும்போது புல்மேல் உறைபனி. ஆறு பேர், ஒரு மூலையில் இருபது அடி வலை. என் கையில் கடிகாரமும் கேஸ் ஷீட்டும். நான் பயிற்சி மாணவி, ஓடிப் பிடிக்கிற வேலை எனக்கு இல்லை. “நேரம் பாத்துக்கோமா” என்றார் டாக்டர்.

7.35க்கு ஓட்ட ஆரம்பித்தார்கள். நொண்டி மான்தானே, உடனே பிடிபடும் என்று நினைத்தோம். மூன்று காலிலும் புள்ளிமான் எவ்வளவு ஓடும் என்று அன்று பார்த்தேன். முதல் சுற்றில் வலைக்குப் பத்தடி முன்னால் வந்து நின்றது, வலைக்கண் வழியாக அந்தப் பக்கம் நிற்கிற ஆளைப் பார்த்தது, சட்டென்று திரும்பி ஆட்களுக்கு நடுவே பாய்ந்து போய்விட்டது. இரண்டாவது சுற்றில் செயின்லிங்க் வேலியில் மோதியது. மூன்றாவது, நான்காவது. வாய் திறந்திருந்தது. வாலைத் தூக்கியபடியே இருந்தது. ஒவ்வொரு முறையும் “இன்னும் ஒரு சுத்து, அவ்வளவுதான்” என்றார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நூலிழையில் தப்பித்ததால் அடுத்ததில் கிடைத்துவிடும் என்றே தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 7.45 தாண்டியது தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. 7.57க்கு வலையில் விழுந்தது.

இருபத்திரண்டு நிமிடம்.

உடல் வெப்பம் 107.4 ஃபாரன்ஹீட். மானுக்கு 101லிருந்து 103 வரை இயல்பு. கண்ணுக்குத் துணி கட்டி, நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து, தொடையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றினோம். கயிற்றை வெட்டி, புண்ணைக் கழுவி, போவிடோன் அயோடின் போட்டு, நாள்பட வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக் ஊசி ஒன்று போட்டோம். கையாண்ட நேரம் 11 நிமிடம். விட்டதும் எழுந்து கூட்டத்துக்கு நடந்து போனது. எல்லோருக்கும் சந்தோஷம். டீ குடித்தோம்.

அன்று நான் நிரப்பிய கேஸ் ஷீட்டைப் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பிடிபட்ட நேரம், வெப்பம், நாடி, மூச்சு, மருந்து, விடுவித்த நேரம், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பிடிபடுவதற்கு முன் எவ்வளவு நேரம் ஓட்டினோம் என்பதற்குக் கட்டம் இல்லை. அதனால் அந்த 22 கேஸ் ஷீட்டில் ஏறவே இல்லை. என் கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் கிடந்தது.

மறுநாள்

அதிகாலை வாட்சர் அண்ணன் என் அறைக் கதவைத் தட்டினார். வேலியோரம் கூட்டிப்போய்க் கையைக் காட்டினார். மான் தனியாக நின்றது. தலை தாழ்ந்து, பின்னங்கால் இரண்டும் விறைத்து, நடந்தால் மரக்கட்டையை எடுத்து வைக்கிற மாதிரி. நொண்டிய கால் மட்டுமல்ல, நல்ல காலும் அப்படித்தான். நாங்கள் பார்க்கும்போதே சிறுநீர் விட்டது. வெள்ளை உறைபனிமேல் பால் விடாத காப்பி நிறத்தில் ஒரு வட்டம். பனி கரைந்து அந்த நிறம் மெல்லப் புல்லுக்குள் இறங்கியது. பாடத்தில் படித்த சொற்கள் எல்லாம் அந்த ஒரு வட்டத்தில் இருந்தன. ஆனால் அப்போது எனக்கு வேறு நோய்தான் முதலில் ஞாபகம் வந்தது.

மாட்டில் சிறுநீர் சிவந்தால் நாம் முதலில் நினைப்பது உண்ணிக் காய்ச்சல், அதாவது பபீசியா. உண்ணி வழியாக வரும் ஒட்டுண்ணி சிவப்பணுவை உடைக்கும், ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்கும். நானும் அதையே சொன்னேன். டாக்டர் மறுக்கவில்லை, “ரத்தம் எடுத்துப் பாத்துட்டுப் பேசலாம்” என்றார். இங்கே படிக்கிற மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், மலைமேல் பெரிய ஆய்வகம் இல்லாமலே செய்யக்கூடியது இது.

சிறுநீர் சோதிக்கும் நிறப் பட்டையை நனைத்தால் ‘ரத்தம்’ என்ற கட்டம் நிறம் மாறும். ஹீமோகுளோபினுக்கும் மாறும், தசையிலிருந்து வரும் மயோகுளோபினுக்கும் மாறும். பட்டையால் இரண்டையும் பிரிக்க முடியாது. அதே சிறுநீரைச் சுழற்றி அடிமண்டியை நுண்ணோக்கியில் பார்த்தோம், சிவப்பணு இல்லை. அப்படியென்றால் சிறுநீர்ப் பாதையில் ரத்தக்கசிவு இல்லை. பிறகு ரத்தத்தைச் சுழற்றிச் சீரத்தைப் பார்த்தோம். சிவப்பணு உடைந்திருந்தால் சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும். மயோகுளோபின் சிறிய மூலக்கூறு, ரத்தத்தில் தங்காமல் சிறுநீரகம் வழியே ஓடிவிடும், சீரம் தெளிவாகவே நிற்கும். எங்கள் குழாயில் சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. ரத்தப் பூச்சில் ஒட்டுண்ணி இல்லை. ஈறும் கண்ணிமையும் வெளுக்கவில்லை. விறைப்பைப் பார்த்து ரணஜன்னியையும் யோசித்தோம், புண் இருந்ததே. ஆனால் தாடை இறுகவில்லை, மூன்றாம் இமை மேலே வரவில்லை, சத்தத்துக்கு உடம்பு வெட்டி இழுக்கவில்லை.

மிஞ்சியது ஒன்றுதான். பிடிப்புத் தசைச்சிதைவு. மான், இரலை வகைகளை விரட்டிப் பிடிக்கும்போது வருவது. 1964இல் கென்யாவில் பிடித்த ஓர் இரலையில் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். மான் குறுகிய பாய்ச்சலுக்குப் பிறந்த விலங்கு. அதற்கு மேல் ஓடவைத்தால் தசைக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேரும், சூடு ஏறும். பயத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதும் சேர்ந்துகொள்ளும். தசைச் செல்கள் உடையும். உள்ளிருந்த பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்து இதயத்தின் தாளத்தைக் கெடுக்கும். மயோகுளோபின் சிறுநீரக நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். சில மான்கள் வலையிலேயே சாகும். சில ஓரிரு நாளில். சில நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, ஓரிரு வாரம் கழித்து இன்னொரு சின்ன அதிர்ச்சியில் விழும். வெளியே குளிராக இருந்தால் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் சூடு வெளியிலிருந்து வரவில்லை, தசையிலிருந்து வருகிறது. இருபத்திரண்டு நிமிடம் தசை எரிந்தால் உறைபனியால் என்ன செய்ய முடியும்?

வாட்சர் அண்ணன் மசினகுடிப் பக்கத்து ஆள், அங்கே காட்டில் புள்ளிமானைப் பார்த்தே வளர்ந்தவர். அவர் படித்ததில்லை, ஆனால் நோயைத் தெரிந்து வைத்திருந்தார். “செந்நாய் தொரத்தி, தண்ணிக்குள்ள எறங்கித் தப்பிச்ச மான் கூட ரெண்டு நாள்ல எங்கயாச்சும் விழுந்து கெடக்கும் டாக்டரம்மா. மேல ஒரு கடி இருக்காது. நாங்க பயத்துல செத்துச்சுன்னு சொல்லுவோம்” என்றார். முந்தின நாள் காலை அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

சிகிச்சை, அதன் சிக்கல்

சிகிச்சை என்னவென்று தெரியும். சிரையில் திரவம் கொடுத்துச் சிறுநீரகத்தைக் கழுவ வேண்டும். அமிலத்தைச் சரிக்கட்ட சோடியம் பைகார்பனேட். வைட்டமின் ஈயும் செலீனியமும் சேர்ந்த ஊசி. பதற்றம் தணிய டயஸிபாம். இதில் எதையும் மானைத் தொடாமல் கொடுக்க முடியாது. தொட்டால் மான் பயப்படும், எழ முயலும், உடைந்த தசை இன்னும் உடையும். இந்த நோயில் மருத்துவரின் கையும் நோய்க்காரணத்தில் ஒரு பங்கு. பசுவுக்குப் பாட்டில் ஏற்றிப் பழகிய எனக்கு இது புரியவே ஒரு நாள் பிடித்தது. ஏதாவது செய்துகொண்டே இருந்தால்தான் சிகிச்சை என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் காலை ஒரு முறை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். தீவன அறையில் சாக்குத் திரை கட்டி இருட்டாக்கி, தடிமனாக வைக்கோல் பரப்பி அங்கே வைத்தோம். பிறகு டாக்டர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். வாட்சர் அண்ணன் மட்டும் இரண்டு மணிக்கு ஒரு தடவை திரையின் ஓரம் விலக்கிப் பார்ப்பார். மாலை இன்னொரு முறை திரவம். அந்த இரண்டாவது முறையில் மான் எழ முயன்று பின்பாகம் தூக்க முடியாமல் சரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஊசியை எடுக்கவில்லை. அந்த முடிவு சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். திரவம் தொடர்ந்திருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்கலாம். தொடர்ந்திருந்தால் அன்றிரவே இதயம் நின்றிருக்கலாம். இரண்டுக்கும் காரணம் சொல்லலாம். முடிவெடுக்கும் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தித்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் பக்கவாட்டில் படுத்துவிட்டது. சிறுநீர் குறைந்தது, பிறகு இல்லை. நான்காம் நாள் விடியலில் இறந்தது. கோயம்புத்தூருக்கு அனுப்பிய ரத்த மாதிரியின் முடிவு அன்று மதியம் வந்தது. தசை நொதியான கிரியாட்டின் கைனேஸ் இயல்பைவிடப் பல மடங்கு.

உடற்கூறு ஆய்வில் தொடைத் தசையை அறுத்ததும் தெரிந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய சதை, கோடு கோடாக, வேகவைத்த கோழிக்கறி போல வெளுத்திருந்தது. நொண்டிய காலில் மட்டுமல்ல, நாலு காலிலும், இடுப்பிலும். சிறுநீரகம் கரும்பழுப்பு. சிறுநீர்ப்பையில் ஒரு கரண்டி அளவு காப்பி நிறத் தண்ணீர். இரைப்பையில் நெகிழி எதுவும் இல்லை. கயிறு அறுத்த புண்ணைக் கடைசியாகப் பார்த்தோம். அது ஓரங்களில் ஆற ஆரம்பித்திருந்தது. விதிப்படி அதிகாரிகள் முன்னிலையில் உடலை எரித்தார்கள்.

அன்று மாலை டாக்டர் என்னிடம் சொன்னது: “நேரத்த நீதானேமா பாத்துக்கிட்டிருந்தே. பத்து நிமிஷத்துல சத்தம் போட்டிருக்கணும். நான் உன்னக் கேட்டிருக்கணும். ரெண்டு பேரும் செய்யல.” குரலில் கோபம் இல்லை. ஓட்டியவர்கள் எல்லோரும் அந்த மானைக் காப்பாற்றத்தான் ஓடினார்கள் என்பதை நான் பதிவு செய்ய விரும்புகிறேன். அவர்களில் ஒருவருக்குக் கை எலும்பு பிசகியிருந்தது. தவறு மனசில் இல்லை, திட்டத்தில். நிறுத்தும் நேரம் என்று ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளாமல் ஓட ஆரம்பித்துவிட்டோம். ஓட ஆரம்பித்தபிறகு யாராலும் அதைத் தீர்மானிக்க முடியாது. மருந்துக்கு அளவு வைக்கிறோம், ஒரு மில்லி கூடினாலும் எழுதிவைக்கிறோம். விரட்டுவதற்கும் அளவு உண்டு, அதையும் எழுத வேண்டும். அன்றிரவு கேஸ் ஷீட்டின் முதல் வரிக்கு மேலே பென்சிலால் ஒரு கட்டம் வரைந்து ‘விரட்டிய நேரம்: 22 நிமிடம்’ என்று எழுதினேன்.

மார்ச்சில் இன்னொரு மான்

முதலில் சொன்ன பண்ணைப் பாடம் இங்கேதான் வருகிறது. நியூசிலாந்தில் செம்மானை ஆடுமாடு போலப் பண்ணையில் வளர்க்கிறார்கள். அங்கே மானைத் துரத்திப் பிடிப்பதில்லை. உயரமான, இடைவெளி இல்லாத பலகைச் சுவர் வைத்த பாதை வழியாக நடக்கவிட்டு, வெளிச்சம் குறைந்த கொட்டகைக்குள் சேர்க்கிறார்கள். இருட்டில் மான் அடங்கும். சுவருக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டால் அதன்மேல் பாயாது. நாங்கள் வலை கட்டியிருந்தோம், வலைக்கு அந்தப் பக்கம் ஆள் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் போமா என்று சொல்லும் முறையும் இதே விஷயம்தான், மறைப்புத் துணியால் புனல் மாதிரி அமைத்து விலங்கைத் தானாக வரவைப்பது. இந்தியாவிலும் புள்ளிமான்களை இடம் மாற்ற இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

மார்ச்சில் ஓர் ஆண்மான் கொம்பில் பச்சை நிழல்வலைத் துண்டைச் சிக்கவைத்துக்கொண்டது. கண்ணை மறைத்துத் தொங்கியது, வேலியில் மாட்டினால் கழுத்து போய்விடும். என் பயிற்சி அதற்குள் வேறிடத்துக்கு மாறியிருந்தது. டாக்டர் போன் செய்து, “வந்து நேரம் பாக்கறியாமா?” என்று கேட்டார். விடுப்பு போட்டுவிட்டுப் போனேன்.

எல்லாம் வாட்சர் அண்ணன் யோசனை. தீவன மேடைக்குப் பக்கத்தில் சிறிய தொழுவம் ஒன்றைச் சிமெண்ட் சாக்கு தைத்து ஆளுயரத்துக்கு மேல் மறைத்திருந்தார். கதவு திறந்தே கிடக்கும். உள்ளே தாது உப்புக் கட்டியும், ஒரு கைப்பிடி நறுக்கிய கேரட்டும். கேரட் அதிகம் போட்டால் வயிற்றில் அமிலம் ஏறும், அதனால் கைப்பிடிதான், வாசனைக்கு. பதினேழு நாள், ஒரே நேரம், ஒரே பழுப்பு ஸ்வெட்டர். முதல் வாரம் ஆண்மான் வாசலில் நின்று மூக்கை மட்டும் நீட்டியதாம். பத்தாம் நாள் உள்ளே போய்ப் பின்னாலேயே வெளியே வந்ததாம். பதினைந்தாம் நாள் உள்ளேயே நின்று அசைபோட்டதாம். இதை அவர் எனக்குச் சொன்ன விதத்தில், தன் பிள்ளை பள்ளிக்கூடம் போகப் பழகியதைச் சொல்கிற மாதிரி ஒரு நிதானம் இருந்தது. கூடவே ஒரு விஷயத்தையும் மாற்றியிருந்தார்: தீவனக் கட்டு இப்போது வாழைநாரில் வருகிறது. நைலான் கயிற்றோடு வந்தால் வண்டியை உள்ளே விடுவதில்லை.

பதினெட்டாம் நாள் காலை கதவு சாத்தினோம். மான் ஒருமுறை சுற்றிப் பார்த்தது, நின்றது. சாக்கில் வெட்டிய ஓட்டை வழியாக டாக்டர் மயக்க ஊசியைச் செலுத்தினார், சைலசினும் கீட்டமினும். ஆறு நிமிடத்தில் உட்கார்ந்தது. கண்ணுக்குத் துணி, காதில் பஞ்சு, உடம்பை நெஞ்சின்மேல் நிமிர்த்தி, எச்சில் வெளியே வடியும்படி மூக்கைத் தாழ்த்திப் பிடித்தோம். யாரும் பேசவில்லை. கத்தரிக்கோல் சத்தம் மட்டும். “நேரம்?” என்று டாக்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டார், நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். வெப்பம் 102.8. பதின்மூன்று நிமிடத்தில் வேலை முடிந்து, மாற்று மருந்து யோகிம்பின் போட்டோம். நான்கு நிமிடத்தில் எழுந்தது, தள்ளாடியது, கதவைத் திறந்ததும் நடந்தே வெளியே போனது.

புதிய கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டம் இப்போது அச்சிலேயே இருந்தது. விரட்டிய நேரம்: 0 என்று எழுதினேன். ஆனால் டீ குடிக்க யாரும் போகவில்லை. முந்தினதும் நடந்துதானே போனது.

மூன்று நாள் தங்கினேன். மூன்று நாளும் விடிவதற்கு முன் வாட்சர் அண்ணனும் நானும் வேலியோரம் நின்றோம், கூட்டத்தில் அந்த ஆண்மானைக் கண்டுபிடித்து அது சிறுநீர் விடும்வரை காத்திருந்தோம். மூன்றாம் நாள் அது விட்டுவிட்டு நகர்ந்ததும் அவர் கதவைத் திறந்து உள்ளே போனார். குனிந்து, நனைந்த புல்லை விரலால் தொட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“தண்ணி மாதிரிதான் இருக்குது டாக்டரம்மா” என்றார். “நீங்க பஸ்ஸுக்குக் கெளம்புங்க.”